அப்பாவுக்கு 76 வயது, ரிப்போர்ட் முழுக்க நட்சத்திரக் குறி: இந்த இதய மார்க்கர்கள் எதைச் சொல்கின்றன?

கல்லிடை மகன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 76 நடக்கிறது. மைத்துனர் சொன்னார் என்று போன வாரம் ஒரு தனியார் லேபில் மூத்தோருக்கான இதயப் பேக்கேஜ், அதாவது இதயத்தின் நிலையைக் காட்டும் மார்க்கர்களுக்கான ரத்தப் பரிசோதனை, எடுத்தோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது.

என்டி-ப்ரோபிஎன்பி 640. ட்ரோபோனின் டி 17. ஹெச்எஸ்-சிஆர்பி 4.8. ஹோமோசிஸ்டீன் 24. இந்த நாலுக்கும் அளவு கூடுதல் என்று நட்சத்திரம். லைப்போபுரோட்டீன் ஏ 38, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 104, கிரியாட்டினின் 1.1, இவை நார்மல். கடைசிப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'இதய நோய் மற்றும் இறப்பு அபாயம்: அதிகம்' என்று ஒரு வரி. அதைப் படித்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. சென்னையில் இருக்கும் அண்ணன் உடனே ஆஞ்சியோ எடு என்கிறான்.

அப்பாவோ காலையில் கன்னடியன் கால்வாய் வரை நடந்து போய் வயலைப் பார்த்துவிட்டு வருகிறார். மூச்சு வாங்கவில்லை, நெஞ்சுவலி இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். பிரஷர் மாத்திரை ஒரு காலத்தில் போட்டார், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று அவராகவே நிறுத்திவிட்டார்.

இந்த எண்கள் நிஜமாகவே ஒருவர் எவ்வளவு நாள் இருப்பார் என்று சொல்லுமா? கொலஸ்ட்ரால் நார்மலாக இருக்கும்போது மற்றதெல்லாம் எப்படி ஏறும்?

பாளை லேப் அக்கா எழுதியது:

தம்பி, முதலில் பதறாதீங்க. நான் லேபில் வேலை பார்க்கிறவள். எண்ணுக்கு அர்த்தம் டாக்டர் சொல்லட்டும். அந்த எண் எப்படி வந்தது என்பதை நான் சொல்கிறேன்.

ஹோமோசிஸ்டீன் என்பது உடம்பில் உண்டாகிற ஒரு அமினோ அமிலம். அதற்கு எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் மெஷினில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே ஹோமோசிஸ்டீனை விட்டுக்கொண்டிருக்கும், மணிக்குப் பத்து சதவீதம் வரை எண் ஏறும். கல்லிடைக்குறிச்சியில் எடுத்த குழாய் ஒரு பையன் பைக் பையில் வீரவநல்லூர், சேரன்மாதேவி, பத்தமடை எல்லாம் நின்று நின்று வெயிலில் டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தால், அந்த 24-இல் எவ்வளவு அப்பாவுடையது, எவ்வளவு வெயிலுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஐஸ் பெட்டி கொண்டுவந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

சிஆர்பி இன்னும் மோசம். அது கல்லீரல் செய்கிற புரதம். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஏறும். சளி, பல் வீக்கம், சேற்றுப்புண், மூட்டுவலி எதுவானாலும் சரி. இதயத்துக்கென்று பார்க்கும்போது 1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் என்பது கணக்கு. 10-ஐத் தாண்டினால் இதயக் கணக்குக்கே எடுக்கக் கூடாது. காய்ச்சல் ஏதும் இல்லாத நேரத்தில் இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அந்த வாரம் உடம்புக்கு ஏதாவது இருந்ததா?

அப்புறம் ஒரு விஷயம். முடி கொட்டுவதற்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லிவிட வேண்டும். சில மெஷின்களில் அது ட்ரோபோனினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

கல்லிடை மகன் எழுதியது:

அக்கா, ஐஸ் பெட்டி எதையும் நான் பார்க்கவில்லை. சட்டைப்பை மாதிரி ஒரு பைதான். அப்பாவுக்கு அந்த வாரம் காலில் முள் குத்திச் சீழ் பிடித்திருந்தது. மாத்திரை போட்டு இப்போது ஆறிவிட்டது.

பாளை லேப் அக்கா எழுதியது:

அப்படியென்றால் சிஆர்பி 4.8-ஐ ஓரமாக வையுங்கள். முள்ளே போதும்.

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

நான் பொதுமருத்துவம் பார்க்கிறவன், படித்தது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. ட்ரோபோனின் என்பது இதயத் தசையில் இருக்கிற ஒரு புரதம். நெஞ்சுவலியோடு வந்தவரிடம் அது 17 இருந்தால் அதன் அர்த்தமே வேறு, சில மணி நேரத்தில் மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்த்தாக வேண்டும். இவர் வலி எதுவும் இல்லாமல் வயலுக்குப் போகிறவர். இது மாரடைப்பு இல்லை. இதயத் தசை செல்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைப் புதிய பரிசோதனை பிடித்துக் காட்டுகிறது. நார்மல் என்கிற 14 என்ற எல்லை ஆரோக்கியமான பெரியவர்களை வைத்துப் போட்டது. 75 வயதுக்கு மேல் அதைத் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்காக அந்த எண்ணை ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களை மட்டுமே வைத்து நடந்த கார்டியோவாஸ்குலர் ஹெல்த் ஸ்டடியில் 4,221 பேருடைய ரத்தத்தைப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. அதுவரை இதயச் செயலிழப்பு (இதயம் தேவையான அளவு ரத்தத்தை பம்ப் பண்ண முடியாமல் போவது) வராத அந்தக் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பேருக்கு ட்ரோபோனின் டி கண்டுபிடிக்கும் அளவில் இருந்தது. அதிகம் இருந்தவர்களுக்கு, இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், வயது, பிரஷர், சர்க்கரை எல்லாவற்றையும் கழித்த பிறகும் இதயச் செயலிழப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கும் இதய நோயால் இறப்பு ஏறக்குறைய மூன்று மடங்கும் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த முடிவு. இரண்டு மூன்று வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது, 50 சதவீதத்துக்கு மேல் ஏறியவர்களுக்கு ஆபத்து கூடியிருந்தது, நன்றாக இறங்கியவர்களுக்குக் குறைந்திருந்தது. அதாவது இந்த எண் தலையெழுத்து மாதிரி நிற்பதில்லை, நகர்கிறது.

இனி என்டி-ப்ரோபிஎன்பி. இதய அறையின் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது தசை ஒரு ஹார்மோனை விடுகிறது, அதன் துண்டுதான் இது. இங்கே குறுக்குத்துறை முருகன் கோயில் மண்டபம் முங்கிவிட்டது என்று கேள்விப்பட்டால் தாமிரபரணியில் வெள்ளம் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆனால் தண்ணீர் பாபநாசத்தில் திறந்ததா, மணிமுத்தாறா, கடனாநதியா என்பதை மண்டபம் சொல்லாது. இந்த எண்ணும் அப்படித்தான். காரணம் கட்டுப்பாடில்லாத பிரஷராக இருக்கலாம், வால்வு சுருக்கமாக இருக்கலாம், ஒழுங்கில்லாத துடிப்பாக இருக்கலாம், சிறுநீரகம் சரியாக வடிகட்டாததாக இருக்கலாம். வெறும் வயதுக்கே ஓரளவு ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்குப் பொய்யாகக் குறைந்து நிற்கும்.

ரிப்போர்ட்டில் 125 என்று எல்லை போட்டிருப்பார்கள். அது எல்லா வயதுக்கும் சேர்த்துப் போட்டது. ஐரோப்பிய இதயச் செயலிழப்புச் சங்கம் 2023-இல் வயதுவாரியாகப் பிரித்துச் சொன்னது. 50-க்குக் கீழே 125, 50 முதல் 74 வரை 250, 75-க்கு மேல் 500. அப்பாவின் 640 அதையும் தாண்டித்தான் இருக்கிறது. ஆகவே பார்க்க வேண்டும். ஆனால் பார்க்க வேண்டியது ஆஞ்சியோவில் இல்லை.

கணக்கு வாத்தியார், பேட்டை எழுதியது:

டாக்டர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'இறப்பு அபாயம்: அதிகம்' என்று ஒரு தனிமனிதனின் தாளில் அச்சடிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் எழுபதைத் தாண்டியவன், ஆயுள் முழுக்கக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். அந்தக் கணக்கைப் பேசுவோம்.

இந்த மார்க்கர்களைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வு சுவீடனில் உப்சாலா ஊரில் நடந்தது, 2008-இல் வெளிவந்தது. சராசரி வயது 71 உள்ள 1,135 ஆண்கள். பத்து வருடம் பின்தொடர்ந்தார்கள். 315 பேர் இறந்தார்கள், அதில் 136 பேர் இதய, ரத்தக்குழாய் நோயால். வயது, பிரஷர், கொலஸ்ட்ரால், புகை, சர்க்கரை போன்ற பழைய காரணிகளை மட்டும் வைத்துக் கணித்தால் சி-புள்ளி என்கிற அளவு 0.664. கூடவே ட்ரோபோனின் ஐ, என்டி-ப்ரோபிஎன்பி, சிஸ்டாடின் சி, சிஆர்பி நாலையும் சேர்த்தால் 0.766.

இந்த 0.766 என்றால் என்ன? இதய நோயால் இறந்துபோன ஒருவரையும் இருக்கிற ஒருவரையும் ஜோடியாக எடுங்கள். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போடுங்கள். இறந்தவருக்கு அதிக ஆபத்து மதிப்பெண் விழுந்திருந்தால் கணிப்பு சரி. நூறு ஜோடியில் ஏறக்குறைய 77 ஜோடியில் சரியாக விழுகிறது. காசைச் சுண்டிப்போட்டாலே 50 சரியாக வரும். பழைய காரணிகளை வைத்தால் 66. ஆக, முன்னேற்றம் உண்மைதான், நல்ல முன்னேற்றம். ஆனால் அவ்வளவையும் சேர்த்த பிறகும் நூறில் 23 ஜோடியில் தப்பாகிறது. அந்த 23-இல் ஒருவர் இந்தத் தம்பியின் அப்பாவாக இருக்கலாம்.

இன்னொன்று. 2006-இல் அமெரிக்காவின் பிரேமிங்காமில் 3,209 பேரிடம் பத்து மார்க்கர்களைப் பார்த்தார்கள். பழைய காரணிகளோடு சேர்த்தபோது கணிப்பு ஏறியது ஏதோ நூலளவு. அங்கே ஒன்றும் இல்லை, இங்கே நிறைய. ஏன்?

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

நல்ல கேள்வி சார். ஒரு பெரிய காரணம் வயது என்றே நினைக்கிறேன். பிரேமிங்காம் கூட்டத்தின் சராசரி வயது 59. அந்த வயதில் பிரஷரும் கொலஸ்ட்ராலும் புகையும் ஆட்களை நன்றாகப் பிரித்துக் காட்டும். மார்க்கருக்கு மிச்சம் வேலை இல்லை. 75, 80-க்கு வரும்போது கதை மாறுகிறது. கொலஸ்ட்ரால் அதிகம் இருந்து அதனால் பாதிக்கப்பட இருந்தவர்களில் பலர் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் சிலருக்கு நோயாலும் சாப்பாடு குறைந்ததாலும் கொலஸ்ட்ரால் இறங்கிப்போகிறது. எல்டிஎல் 104 இருப்பதால் இதயம் பத்திரம் என்று இந்த வயதில் சொல்ல முடியாது. தம்பி கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். கொலஸ்ட்ரால் 'இதயத்துக்கு என்ன வரலாம்' என்று சொல்கிற எண், ட்ரோபோனினும் ப்ரோபிஎன்பியும் 'இதயத்துக்கு ஏற்கெனவே என்ன ஆகியிருக்கிறது' என்று சொல்கிற எண்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஏற்கெனவே அடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம் உள்ளவர்களுக்கு வயதானாலும் அது தேவை.

முக்கூடல் மகள் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கணும் டாக்டர். எங்கள் அம்மாவுக்கு 71. சின்ன வயசிலிருந்து பீடி சுற்றினவள். இப்போது ஆள் 38 கிலோதான் இருப்பாள். கிரியாட்டினின் 0.8, சிறுநீரகம் சூப்பர் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் காலில் வீக்கம் வந்து வந்து போகிறது. இந்த இழையில் சிஸ்டாடின் சி என்று பார்த்தேன். அது என்ன?

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

குறுக்கே இல்லை அக்கா, நேராக விஷயத்துக்கே வந்திருக்கிறீர்கள். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. தசை இருந்தால்தான் அது உண்டாகும். உட்கார்ந்த இடத்திலேயே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வேலை பார்த்த, 38 கிலோ உடம்பு உள்ள ஒரு அம்மாவுக்குத் தசையே கொஞ்சம். அவருக்குச் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் கிரியாட்டினின் 0.8 காட்டலாம். மற்றவர்களுக்கு நார்மல் என்கிற எண் அவருக்கு நார்மல் இல்லை.

சிஸ்டாடின் சி உடம்பின் எல்லா செல்களும் ஓரளவு ஒரே வேகத்தில் விடுகிற சின்னப் புரதம். தசை எவ்வளவு என்பது அதை அதிகம் பாதிக்காது. நான் முன்பு சொன்ன அதே கார்டியோவாஸ்குலர் ஹெல்த் ஸ்டடியில் 4,637 பேரிடம் பார்த்து 2005-இல் எழுதினார்கள். முதியவர்களில் இறப்பையும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டிச் சொல்வதில் கிரியாட்டினினைவிட சிஸ்டாடின் சி தெளிவாக இருந்தது. கிரியாட்டினின் நார்மல் என்ற திரைக்குப் பின்னால் சிறுநீரகம் மெதுவாகக் குறைந்துகொண்டிருந்த முதியவர்களை அது வெளியே கொண்டுவந்தது. ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் அது மாறிக் காட்டும், புகைக்கும் கொஞ்சம் ஏறும். அதைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

ஆனால் அம்மாவுக்குக் கால் வீக்கம் இருக்கிறது என்றீர்கள். அவருக்கு இது வருங்காலக் கணிப்பு இல்லை, இன்றைய நோய். சிறுநீரில் புரதம் போகிறதா, எக்கோ, ப்ரோபிஎன்பி, ரத்த அளவு எல்லாம் இந்த வாரமே பார்க்க வேண்டும். ஹைகிரவுண்டில் இருக்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகலாம். வலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுகிற மாத்திரை இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், வீக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முக்கூடல் மகள் எழுதியது:

முதுகுவலிக்குத் தினமும் ஒன்று போடுகிறாள் டாக்டர். இன்றைக்கே நிறுத்துகிறேன். திங்கள்கிழமை கூட்டிப் போகிறேன்.

வண்ணார்பேட்டை பிசியோ எழுதியது:

ரத்தத்தில் இல்லாத இரண்டு மார்க்கர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நடை வேகம், கைப்பிடி பலம்.

2011-இல் ஒன்பது ஆய்வுகளின் 34,485 முதியவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 75 வயது ஆண்களில் பத்து வருடம் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, ரொம்ப மெதுவாக நடப்பவர்களுக்கு 19 சதவீதம், வேகமாக நடப்பவர்களுக்கு 87 சதவீதம். வயது ஒன்றே, வித்தியாசம் அவ்வளவு. கைப்பிடியைப் பற்றி 2015-இல் ப்யூர் ஆய்வு வந்தது. இந்தியாவும் சேர்த்து 17 நாடுகளில் 1,39,691 பேர். பிடி 5 கிலோ குறையக் குறைய இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியது. மேல் பிரஷரைவிட நன்றாக இது இறப்பைக் கணித்தது.

நடையை வீட்டிலேயே பார்க்கலாம். பட்டாசாலையிலோ வாசலிலோ நாலு மீட்டர் அளந்து சுண்ணாம்புக்கட்டியால் இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கி, அடுத்த கோட்டைத் தாண்டியும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள், வழக்கமான நடையில். போனில் நேரம் பாருங்கள். 5 விநாடி என்றால் விநாடிக்கு 0.8 மீட்டர், அது நடுத்தரம். 4 விநாடிக்குள் கடந்தால் நல்ல வேகம். 6, 7 ஆனால் ஏன் என்று தேட வேண்டும். முழங்கால் தேய்மானத்தால் மெதுவாக நடப்பதும் இதயத்தால் மெதுவாக நடப்பதும் வேறு, அதைப் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். இந்த எண் பிடித்துவைத்துக் கவலைப்படுவதற்கு இல்லை, பயிற்சியால் கூடும். நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருகிற பயிற்சியைத் தினமும் செய்தாலே சில மாதத்தில் தெரியும்.

கல்லிடை மகன் எழுதியது:

பிசியோ சார், கோடு போட்டுப் பார்த்துவிட்டேன். அப்பா 4 விநாடிக்குச் சற்று மேல். 'எதுக்குலே தரையில கோடு போடுதே' என்று சத்தம் வேறு.

டாக்டர், ஹோமோசிஸ்டீனுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதலாம் என்று மெடிக்கலில் சொல்கிறார்கள். தொடங்கட்டுமா? லைப்போபுரோட்டீன் ஏ பற்றியும் ஒரு வார்த்தை.

கணக்கு வாத்தியார், பேட்டை எழுதியது:

டாக்டர் வருவதற்குள் நான் ஒன்று சொல்கிறேன். ஹாலந்தில் லெய்டன் நகரில் 85 வயதானவர்களை மட்டும் வைத்து ஒரு ஆய்வு உண்டு. முன்பு இதய நோய் இல்லாத 302 பேர். அங்கே பழைய காரணிகளை வைத்துப் போடுகிற பிரேமிங்காம் மதிப்பெண் காசைச் சுண்டுவதற்குக் கிட்டத்தட்ட சமமாகப் போய்விட்டது. யார் இதய நோயால் இறப்பார்கள் என்று ஓரளவாவது சொன்னது ஹோமோசிஸ்டீன் ஒன்றுதான். 2009-இல் வந்த முடிவு. அப்படியானால் அதைக் குறைப்பது நல்லதுதானே?

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் சார். ஃபோலிக் ஆசிட், பி6, பி12 கொடுத்தால் ஹோமோசிஸ்டீன் அழகாக இறங்கும். விலையும் மலிவு. ஹோப்-2 என்ற சோதனையில் 5,522 பேருக்கு ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. எண் இறங்கியது. மாரடைப்பும் இதய இறப்பும் இறங்கவில்லை. அதே வருடம் நார்வேயில் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் இல்லை. ஒரு எண் நோயை முன்கூட்டிச் சொல்கிறது என்பதற்காக அதுதான் நோயை உண்டாக்குகிறது என்று ஆகிவிடாது. சிறுநீரகம் குறைந்தாலும் வயது ஏறினாலும் சத்து குறைந்தாலும் ஹோமோசிஸ்டீன் ஏறும். அது சாட்சி, குற்றவாளி இல்லை.

தம்பிக்கு நேரான பதில்: இதயத்துக்கென்று ஃபோலிக் ஆசிட் வேண்டாம். ஆனால் அப்பா பல வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறவர். அந்த மாத்திரை பி12-ஐக் குறைக்கும். பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைந்திருந்தால் நரம்புக்காகவும் ரத்தத்துக்காகவும் ஊசியோ மாத்திரையோ தேவை. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டால் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்பு மட்டும் கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள் என்கிறேன்.

லைப்போபுரோட்டீன் ஏ, எல்டிஎல் மாதிரி ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கிற ஒரு துகள். பரம்பரையில் வருவது, ஆயுளில் ஒருமுறை பார்த்தால் போதும். 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கவனம். அப்பாவுக்கு 38, விடுங்கள். அது 76 வயதில் பார்ப்பதைவிட 30, 40 வயதில் பார்ப்பதற்கு ஏற்ற எண். அப்பாவோ சித்தப்பாவோ ஐம்பதுக்குள் மாரடைப்பில் போன வீட்டில் இருக்கிறவர்கள் எடுக்கலாம்.

வீரவநல்லூர் பேத்தி எழுதியது:

இதையெல்லாம் படித்துவிட்டு ஆச்சிக்கும் எடுக்கலாமா என்று யோசித்தேன். 88 வயது. கண் சரியாகத் தெரியாது, ஆனால் ஞாபகம் நன்றாக இருக்கிறது. 'ஊசி போட்டு என்னத்தக் கண்டுபிடிக்கப் போறிய' என்கிறாள். அப்பா எடுத்தே ஆகணும் என்கிறார்.

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

பரிசோதனை எழுதுவதற்கு முன்னால் என்னை நானே கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு. இந்த எண் ஏறியிருந்தால் என்ன செய்வேன்? இறங்கியிருந்தால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் ரத்தம் எடுக்க மாட்டேன். ஆச்சிக்கு மூச்சுத்திணறலோ வீக்கமோ தலைசுற்றலோ இல்லையென்றால், 88 வயதில் ப்ரோபிஎன்பி ஏறித்தான் இருக்கும். அதை எடுத்து வீட்டில் பயத்தை வளர்ப்பதைவிட, ஆச்சியைக் கேட்டு, பிரஷர் மட்டும் பாருங்கள். நிற்க வைத்தும் ஒருமுறை பாருங்கள், எழுந்ததும் பிரஷர் இறங்கி விழுகிறவர்கள் இந்த வயதில் நிறைய. ஆச்சி வேண்டாம் என்றால் அது அவருடைய பேச்சு, அதை மதிக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார், பேட்டை எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கல்லிடைத் தம்பி, அப்பாவிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா? இழை முழுக்க அம்மா பயந்தார், அண்ணன் சொன்னான், மைத்துனர் சொன்னார் என்று வருகிறது. ரத்தம் கொடுத்தவரிடம் யாரும் பேசினதாகத் தெரியவில்லை. என் பிள்ளைகள் என் ரிப்போர்ட்டை என்னிடம் மறைத்தால் நான் பொறுக்க மாட்டேன். வயதானவர்கள் சாவைப் பற்றி நினைக்காமல் இல்லை தம்பி. நீங்கள் நினைப்பதைவிட நிதானமாகத்தான் நினைக்கிறோம்.

களக்காடு செவிலி எழுதியது:

நான் வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சர்க்கரை பார்க்கிறவள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்ததிலிருந்து மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறோம். இந்த இழையில் எல்லாரும் பெரிய பெரிய டெஸ்ட்டைப் பேசுகிறீர்கள், யாருமே அப்பாவின் பிரஷர் எவ்வளவு என்று கேட்கவில்லையே! மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று முதல் பதிவிலேயே இருக்கிறது.

நான் போகிற வீடுகளில் இதுதான் தினமும் நடக்கிறது. மாத்திரை டப்பா மேலே பரணில் அப்படியே இருக்கும். 'தலை சுத்தல, ஒண்ணும் இல்ல, அதான் நிறுத்திட்டேன்' என்பார்கள். கையில் பட்டையைக் கட்டினால் 180. நாடி பிடிக்கும்போது சிலருக்குத் துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடும், அதைப் பார்த்தால் உடனே ஈசிஜிக்கு அனுப்பிவிடுவேன். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ணுங்கள். தாளம் சீராக வருகிறதா என்று மட்டும் கவனியுங்கள். காசு இல்லாத டெஸ்ட் அது.

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

செவிலி அக்கா சொன்னதுதான் அடுத்து நான் எழுத வைத்திருந்தது. 80 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்கலாமா என்று ஒரு காலத்தில் பெரிய சந்தேகம் இருந்தது. ஹைவெட் என்ற சோதனை 3,845 பேரிடம் செய்து பார்த்தது, 2008-இல் முடிந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு மொத்த இறப்பு 21 சதவீதம் குறைந்தது, இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதில் கொடுத்ததும் சாதாரண மாத்திரைகள்தான்.

ஆகவே தம்பி செய்ய வேண்டிய வரிசை இது. பிரஷரும் நாடியும் இன்றைக்கே. பிறகு ஈசிஜி, எக்கோ. எக்கோவில் வால்வும் சுவரின் தடிப்பும் தெரியும். சிறுநீரில் ஆல்புமின். நெஞ்சுவலியோ எக்கோவில் சந்தேகமோ இல்லாதவரை ஆஞ்சியோ பேச்சே வேண்டாம்.

கல்லிடை மகன் எழுதியது:

எல்லாரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. வாத்தியார் சார் சொன்ன பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பேசினேன். 'இதைச் சொல்லத்தான் மூணு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியா' என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிரஷர் 172/94. நாடி சீராக இல்லை என்று அம்பை ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸே கண்டுபிடித்துவிட்டார். ஈசிஜியில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிப்பது, என்று எழுதியிருக்கிறார்கள். எக்கோவில் இடது பக்கச் சுவர் தடித்திருக்கிறது, பம்ப் பண்ணுவது நன்றாக இருக்கிறது, வால்வு பரவாயில்லை. பிரஷர் மாத்திரையும் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையும் தொடங்கியிருக்கிறார்கள். பி12 குறைவு, ஊசி போடுகிறார்கள். 640-க்குக் காரணம் இதுதானா டாக்டர்? அந்த ரத்த உறைவு மாத்திரை பயமாக இருக்கிறது. வயலில் அரிவாள் பிடிக்கிற மனிதர்.

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

ஆமாம், பிரஷரும் அந்தத் துடிப்பும் சேர்ந்தாலே 640 வரும்.

உறைவைத் தடுக்கும் மாத்திரையை விடவே கூடாது. 75-க்கு மேல், பிரஷர், சர்க்கரை மூன்றும் உள்ள ஒருவருக்கு இந்தத் துடிப்பும் சேர்ந்தால் இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். அப்படி வருகிற பக்கவாதத்தை இந்த மாத்திரை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தடுக்கிறது. அரிவாள் வெட்டினால் கொஞ்சம் அதிக நேரம் ரத்தம் வரும், சுத்தத் துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால், மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி. மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது, ஆஸ்பிரினும் அவராகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

பாளை லேப் அக்கா எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. மறுபடி ப்ரோபிஎன்பி எடுத்தால் அதே லேபில் எடுங்கள், கம்பெனி மாறினால் எண் ஒத்துப்போகாமல் போகலாம். 640 போய் 560 வந்தால் குறைந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம், 720 வந்தால் அழவும் வேண்டாம். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் அந்த அளவு ஆடும்.

கல்லிடை மகன் எழுதியது:

எப்போது எடுக்கணும் அக்கா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று லேபில் சந்தா மாதிரி ஒன்று சொல்கிறார்கள்.

ஹைகிரவுண்டில் படித்தவன் எழுதியது:

சந்தா வேண்டாம். இந்த ரிப்போர்ட்டையும் எக்கோவையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். மூச்சு வாங்கினாலோ, ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, கால் வீங்கினாலோ, ஒரு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடை ஏறினாலோ அன்றைக்கு எடுக்கலாம். அப்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த 640 உதவும். அதுவரை வாரம் இரண்டு நாள் பிரஷர் எழுதி வையுங்கள், சிறுநீரகத்தையும் ரத்த அளவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள், மாத்திரை அளவு அதைப் பொறுத்துத்தான்.